உளவியல் அடிப்படைகளை மகள் எப்படித் திருப்பிப் படிக்கலாம்?

அம்மா,

மகள் முதலாம் வருட உளவியலில் குறைந்த புள்ளி எடுத்துவிட்டாள், பாடத்தை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். உளவியல் உயர்தரத்தில் இல்லாத பாடம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அதைப் புதிதாகத்தான் தொடங்குகிறார்கள். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்திருந்தால் ஆய்வுமுறைப் பகுதி அவளுக்குப் பாதி தெரிந்ததுதான். கருதுகோள், மாறி, பரிசோதனை எல்லாம் அங்கே பார்த்தவை. அதை முதலில் முடிக்கட்டும், ஒரு தைரியம் வரும்.

இப்படிப் புள்ளி குறையும் பிள்ளைகள் பலர் படிக்காதவர்கள் இல்லை. கொப்பியில் மஞ்சள் கோடு போட்டு நாலைந்து தரம் வாசிப்பார்கள். வாசிக்க வாசிக்கக் கண்ணுக்குப் பழகிவிடும், தெரிந்துவிட்டது என்று தோன்றும். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களை ஒரு பந்தியை மறுபடி வாசிக்கவும், இன்னொன்றைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் விட்டார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மறுபடி வாசித்ததுதான் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப்பார்த்தது முந்திவிட்டது. ஆகவே கொப்பியை மூடிவிட்டு வெறும் தாளில் எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையால் சேர்க்கட்டும்.

அடுத்தது, ஒன்றுபோலத் தெரியும் கருத்துகளைப் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்ப்பது. எதிர்மறை மீளவலியுறுத்தலையும் தண்டனையையும் ஒன்றென்று எழுதும் பிள்ளைகள் நிறைய. நீங்கள் "படி, படி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள், அவள் புத்தகத்தை விரித்ததும் நிறுத்துகிறீர்கள் என்று வைப்போம். தொந்தரவு நின்றதால் அவள் புத்தகம் விரிப்பது கூடினால் அது எதிர்மறை மீளவலியுறுத்தல். போனை வாங்கி வைத்ததால் இரவில் போன் பார்ப்பது குறைந்தால் அது தண்டனை. நடத்தை கூடுகிறதா, குறைகிறதா என்பதுதான் கேள்வி. இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் சொல்லால் கூடுவது புத்தகம் விரிப்பது மட்டுமே, படிப்பு அல்ல.

மணியடித்துச் சாப்பாடு கொடுத்துப் பழக்கியபின் மணிக்கே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால், அதைவிட நல்ல உதாரணம் உங்களிடமே இருக்கும். கெலி, அதாவது ஹெலிகொப்டர், சத்தம் முதலில் வெறும் சத்தம். குண்டுவீச்சோடு சேர்ந்து சேர்ந்து வந்தபின் சத்தம் கேட்டாலே பங்கருக்கு ஓடினோம். அதுதான் நிபந்தனைப்படுத்தல். பலாலி விமான நிலையத்துக்கு இப்போது வரும் பயணிகள் விமானத்துக்கும் நெஞ்சு படபடத்தால் அது பொதுமையாக்கம். குண்டு விழாமலே பல வருடம் கெலிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு பயம் அடங்கியிருந்தால் அது அழிவுறல். சொல்ல மனம் வந்தால் மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல, எது தூண்டி (தூண்டிய சத்தம் போன்றது), எது துலங்கல் (அதற்கு வந்த எதிர்வினை) என்று அவள் குறித்துப் பார்க்கட்டும். அந்தப் பகுதியை மறக்கவே மாட்டாள்.

1879இல் வூண்ட் லைப்சிக்கில் உளவியல் ஆய்வுகூடம் அமைத்தது, பிள்ளைகளின் சிந்தனை வளர்வதைச் சொல்லும் பியாஜேயின் நான்கு பருவங்கள் போன்றவற்றுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ஒரு அட்டவணை போட்டால் போதும். இணைபு, அதாவது இரண்டு விடயங்கள் சேர்ந்து மாறுவது, மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று காட்டாது என்பதை மட்டும் சொந்த உதாரணத்தோடு எழுதிப் பழகட்டும். ரியூசனுக்கு அதிகம் போகிறவர்கள் அதிகப் புள்ளி எடுத்தால் ரியூசன்தான் காரணமா, வேறென்ன இருக்கலாம் என்று யோசிக்க வையுங்கள்.

வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைப் பணி, பாடசாலை வழிகாட்டல், தொண்டு நிறுவனங்கள், மனிதவளம் என்று வழிகள் உண்டு. மருத்துவ உளவியலாளராக வர முதல் பட்டம் போதாது, பட்டப்பின் படிப்பும் மேற்பார்வையுடனான பயிற்சியும் வேண்டும். இந்த ஒரு பரீட்சையை வைத்து அதையெல்லாம் இப்போதே முடிவுசெய்ய வேண்டாம். விரிவுரையாளரிடம் கேட்டு எந்தக் கேள்விகளில் புள்ளி போனது என்று அவள் குறித்து வரட்டும். அடுத்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்தக் குறிப்பை வைத்து மூன்று பேரும் பேசுவோம்.