ஞாயிறு முழுவதும் படுத்திருந்தும் திங்கட்கிழமை அசதி ஏன்?

வாசகியின் கேள்வி: எனக்கு 38 வயது. சொந்த ஊர் கரூர். பெங்களூர் ராமமூர்த்தி நகரில் கணவர், இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். பெல்லந்தூரில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டெஸ்டிங் லீடாக, அதாவது மென்பொருளில் பிழை தேடும் குழுவின் தலைவியாக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மற்ற நாள்களில் வீட்டிலிருந்து வேலை. நியூஜெர்சியில் உள்ள குழுவோடு இரவு ஒன்பது மணிக்கு மேல் கான்ஃபரன்ஸ் கால் இருக்கும்; அதற்கு முன் எட்டரைக்கு ஒரு ஃபில்டர் காபி குடிப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி இரவு பஸ் ஏறி ஊருக்குப் போய், ஞாயிறு இரவு கிளம்பித் திங்கள் விடியலில் வந்து சேர்கிறேன். போகாத ஞாயிறுகளில் பத்து மணி வரை தூங்கி, அதன்பின் ரீல்ஸும் அலுவலகக் குரூப்பும் பார்த்தபடி படுத்தே இருந்தாலும் அசதி தீரவில்லை. யோகா வகுப்பில் சேர்ந்தேன், தியான ஆப் ஒன்றும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் இன்னொரு வேலையாகிவிட்டன. கோலம் போடுவது ஒன்றுதான் எனக்கு உண்மையாகப் பிடித்தது, அதை விட்டும் பல வருடங்கள் ஆகின்றன. எனக்குப் பொருந்துகிற ஓய்வை எப்படிக் கண்டுகொள்வது? ஊருக்குப் போவதைக் குறைத்தால் அம்மா வருந்துவாரே?

பதில்: முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகிய நான்கையும் பார்த்துவிட்டால், மருந்தால் தீரவேண்டிய களைப்பை ஓய்வால் தீர்க்க முயன்று ஏமாறும் நிலை வராது. தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுவதாக வீட்டில் சொன்னால் அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். பிடித்த எதிலும் மனம் செல்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதுவும் மருத்துவர் பார்க்கவேண்டியதே. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் இலவச மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாள் முழுவதும் நின்றும் நடந்தும் வேலை செய்யும் செவிலியருக்கு ஞாயிற்றுக்கிழமை படுக்கை உண்மையான ஓய்வைத் தரும். உங்கள் நிலை வேறு. ஒரு டெஸ்டிங் லீடின் வேலை, பத்துப் பேருடைய முடியாத வேலைகளைத் தன் நினைவில் வைத்திருப்பதும், எந்த நிமிடமும் வரக்கூடிய செய்திக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதும், எது உடையும் என்று முன்கூட்டியே கவலைப்படுவதும்தான். இதில் உடல் அநேகமாக அசைவதே இல்லை. களைத்திருப்பது உங்கள் கவனம். நீங்களோ களைக்காத உடலைப் படுக்கவைத்துவிட்டு, கவனத்தை ரீல்ஸிலும் அலுவலகக் குரூப்பிலும் மேயவிடுகிறீர்கள். எது களைத்திருக்கிறதோ அதை விடுவிப்பதே உங்களுக்கு ஓய்வு. ஆகவே மற்றவர்களுக்குப் பலித்தது உங்களுக்கும் பலிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஞாயிறு பத்து மணி வரை தூங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வார நாள்களில் ஆறு மணிக்கு எழுகிறவர் ஞாயிறன்று பத்துக்கு எழுந்தால், அவருடைய உடற்கடிகாரம் பின்னால் நகர்ந்து, அன்று இரவு தூக்கம் வரத் தாமதமாகிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள், போதும். மீதியைப் பகலில் இருபது நிமிடக் கண்ணயர்வாக எடுத்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் பிறகு மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதை ஆராய்ந்த சபைன் சோனன்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், 2007இல் வெளியிட்ட கட்டுரையில் நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மனம் வேலையிலிருந்து விலகியிருப்பது, உடலும் உள்ளமும் தளர்வது, பிடித்த ஒன்றில் கைதேர்வது, தன் நேரம் தன் கையில் இருப்பது ஆகியவை அந்த நான்கு. உங்கள் கடிதத்தை இவற்றோடு வைத்துப் பார்த்தால், யோகாவும் தியானமும் ஏன் ஒட்டவில்லை என்பது புரிகிறது. வகுப்பின் நேரத்தை வேறொருவர் குறித்தார். ஆப் உங்கள் வருகைப்பதிவை எண்ணியது. நாள் முழுவதும் பிறர் வைத்த கெடுவுக்கு ஓடும் ஒருவருக்கு மாலையிலும் ஒரு கெடு வந்து சேர்ந்ததே தவிர, நேரம் கைக்கு வரவில்லை. அதற்கு யோகாவின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான்கில் உங்களுக்கு மிகவும் குறைவாக இருப்பது முதலாவது, அதாவது விலகியிருப்பது. அலுவலகம் போகும் நாள்களில், எவ்வளவு நெரிசல் இருந்தாலும், வெளிவட்டச் சாலையின் பயணம் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் எல்லையாக நிற்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களில் அந்த எல்லை இல்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை ஓரமாகத் தள்ளிவிட்டு அதே இடத்தில் சோறு பரிமாறும்போது, மூளைக்கு வேலை முடிந்ததற்கான அறிகுறி எதுவும் கிடைப்பதில்லை. அந்த எல்லையை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். மாலையில் வேலையை நிறுத்தும்போது, முடியாமல் நிற்கும் வேலைகளையும் நாளைக்கு முதலில் செய்யவேண்டியதையும் ஒரு தாளில் ஐந்து நிமிடம் எழுதுங்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான சோதனையில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இப்படிப் பட்டியல் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். எழுதி வைத்ததை மனம் சுமக்கத் தேவையில்லை. பிறகு மடிக்கணினியை மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கீழே இறங்கி ஒரு சுற்று நடந்து வாருங்கள். கைபேசி வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒன்பது மணி கால் இருக்கும் நாள்களில் இது முழுதாக நடக்காது என்பதை அறிவேன். அதனால் அந்த நேரத்தையே மாற்றப் பாருங்கள். கோடையில் நமக்கு இரவு 9 மணி என்றால் நியூஜெர்சியில் முற்பகல் 11.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதே கூட்டம் நமக்குப் பத்து மணிக்கு வந்துவிடுகிறது. அவர்களுடைய 9.30க்கு அதை மாற்றக் கேட்டால், உங்களுக்குக் கோடையில் மாலை 7, குளிர்காலத்தில் இரவு 8. அவர்களுக்கும் அது அலுவலக நேரமே என்பதால் கேட்பதில் தவறில்லை. எல்லா நாளும் கிடைக்காவிட்டாலும், கால் இல்லாத இரவுகள் வாரத்தில் இரண்டாவது வேண்டும் என்று கேளுங்கள். காலுக்கு முன் எட்டரைக்குக் குடிக்கும் ஃபில்டர் காபியையும் கைவிடுங்கள். காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும், நள்ளிரவு தாண்டியும் அது உங்களை விழிக்கவைத்திருக்கும்.

கோலத்தைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள வரி அதுதான். ஏழு புள்ளி, ஏழு வரிசை என்று நேர்ப்புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் இழுக்கும்போது, இழை எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே வளைய வேண்டும் என்பதில் கண்ணும் விரலும் ஒன்றி நிற்கின்றன. கிளம்பிய இடத்துக்கே இழை வந்து சேரும்வரை வேறு நினைப்புக்கு இடமில்லை. ஒரு வளைவு பிசகினால் விரலால் அழித்துவிட்டு மறுபடி இழுக்கலாம். யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. விலகியிருப்பது, கைதேர்வது, நேரம் தன் கையில் இருப்பது ஆகிய மூன்றும் ஒரே செயலில் கிடைக்கின்றன. குனிந்து நிமிர்வதால் நாற்காலியில் இறுகிய முதுகுக்கும் கொஞ்சம் அசைவு உண்டு. அடுக்குமாடி வீட்டு வாசலில் இரண்டடி இடம் போதும்; பொடி காற்றில் பறந்து பக்கத்து வீட்டாருக்குத் தொல்லையாகும் என்றால் சாக்பீஸிலோ நோட்டுப் புத்தகத்திலோ போடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போட்டுவிட்டால் யார் பார்த்தார்கள் என்று மனம் எண்ணத் தொடங்கும்.

வெளியே போக விரும்பினால் கிருஷ்ணராஜபுரத்திலிருந்து ஊதாத் தடத்தில் மெட்ரோ ஏறி கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்குங்கள். ஞாயிறுகளில் பூங்காவுக்குள் வாகனங்களை விடுவதில்லை. அலுவலக நாள்களில் சர்ஜாபூர் சாலையில் உள்ள கைகொண்ட்ரஹள்ளி ஏரிக்கரை பக்கம்தான். மரமும் நீரும் நம் கவனத்தை மிரட்டி இழுக்காமல் மெல்லப் பிடித்துக்கொள்வதால் களைத்த கவனம் மீள்கிறது என்பது ரேச்சல், ஸ்டீஃபன் கப்லன் தம்பதியின் கொள்கை. ஆனால் நீங்கள் கூட்டத்தைக் கண்டால் சோர்கிறவரா, தெம்பு பெறுகிறவரா என்பதை உங்கள் கடிதத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. அதை நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு வாரம், எந்த ஓய்வை எடுத்தாலும், அதற்கு முன்பும் முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் உங்கள் தெம்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்து வையுங்கள். செய்யும்போது இனிக்கிறதா என்று பார்க்காமல், ஒரு மணி நேரத்துக்குப் பின் எப்படி இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ரீல்ஸ் முதல் கணக்கில் வெல்லும், இரண்டாவதில் பெரும்பாலும் தோற்கும். மதிப்பெண் உயரும் இரண்டு செயல்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சோனன்டாக் 2018இல் சுட்டிக்காட்டியபடி, வேலைப்பளு உச்சத்தில் இருக்கும்போதுதான் ஓய்வு மிகவும் தேவை, அப்போதுதான் அதை எடுக்கும் ஊக்கமும் மிகக் குறைவாக இருக்கிறது. களைத்த பின் யோசித்தால் கை தானாகக் கைபேசிக்குத்தான் போகும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. உங்கள் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் கணவரிடம் உதவி கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு பொறுப்பை முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். மாவுக்கு எப்போது ஊறவைப்பது, உளுந்து இருக்கிறதா, நாளைக்குப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் என்ன என்று நினைவில் வைத்திருப்பதும் வேலைதான். கிரைண்டரை நிறுத்துவதை மட்டும் அவர் செய்தால் உங்கள் மனம் விடுபடாது. அவர் கடையில் மாவுப் பாக்கெட் வாங்கி வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கரூர்ப் பயணம். அம்மாவைப் பார்ப்பது உங்களுக்குத் தெம்பு தருகிறது, அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு இரவுகளை பஸ்ஸில் கழிப்பதுதான் அந்தத் தெம்பைத் தின்றுவிடுகிறது. ஸ்லீப்பர் பர்த்தில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் விழித்துக்கொண்டு, திங்கள் விடியலில் சில்க் போர்டில் இறங்கி, ஒன்பது மணிக்கு லாகின் செய்கிறவருக்கு அந்த வாரம் கடனோடுதான் தொடங்குகிறது. 2024இல் தொடங்கிய மதுரை – பெங்களூர் வந்தே பாரத் ரயில் கரூரிலும், உங்களுக்கு அருகிலுள்ள கிருஷ்ணராஜபுரத்திலும் நிற்கிறது. பிற்பகலில் இங்கிருந்து புறப்படுவதால் வெள்ளியன்று அரைநாள் விடுப்பு எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டில் இருக்கலாம். ஞாயிறு காலை கரூரில் ஏறினால் பிற்பகலில் வீடு வந்து, இரவு உங்கள் படுக்கையிலேயே தூங்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைநாள் விடுப்பு கிடைக்காது என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போங்கள். அடுத்த மூன்று மாதத் தேதிகளை இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வருகிறாளா இல்லையா என்று வெள்ளிதோறும் காத்திருப்பதைவிட, உறுதியான தேதி அவருக்கும் ஆறுதலாக இருக்கும். பிள்ளைகளின் விடுமுறையில் அவரைப் பத்து நாள் இங்கே அழைத்துவந்து தங்கவைக்க முடிந்தால், வாசல் கோலத்தில் அவருக்கும் பங்கு கொடுங்கள்.