விலங்கு விஞ்ஞானம் படித்தால் மிருக வைத்தியர் ஆகலாமா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. விலங்கு விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிறாள். சொந்தக்காரர்கள், "மாடு மேய்க்கவா கம்பஸ் போறாள்?" என்கிறார்கள். நாங்கள் எருமைப் பட்டி வைத்திருக்கிறவர்கள். படித்து முடித்தால் மிருக வைத்தியர் ஆவாளா? இல்லையென்றால் என்ன வேலை?
– ஒரு தாய், தம்பலகாமம்

பதில்: ஆக முடியாது அம்மா. மிருக வைத்தியப் பட்டம் இலங்கையில் பேராதனையில் மட்டும்தான், அதற்கு வெட்டுப்புள்ளி வேறு. விலங்கு விஞ்ஞானம் 4 வருடப் படிப்பு. பேராதனை விவசாய பீடத்தில் மீன்பிடியோடு சேர்த்தும், பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தனியாகவும் இருக்கிறது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சியில் உள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் விவசாயப் பட்டத்துக்குள் ஒரு துறையாக வரும். விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்தும்போது இந்த வித்தியாசத்தை மகள் கவனிக்கட்டும்.

ஆனால் இது வைத்தியருக்கு ஒரு படி கீழான படிப்பு என்று நினைக்காதீர்கள், எனக்கு அதில்தான் கோபம் வரும். 2022 டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மாண்டூஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மழையிலும் குளிர்காற்றிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. மாடு தின்ற புல் வயிற்றில் செரிக்கும்போதும் உடம்புக்குச் சூடு கிடைக்கிறது. வயிறு ஒட்டி, தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத மாடு நனைந்தபடி காற்றில் நின்றால் தாங்காது. அந்த இரவில் வைத்தியர் ஊசியோடு ஓடி வந்து எத்தனை மாட்டைக் காப்பாற்றுவார்? மாரியில் வயல் விதைத்ததும் மேய்ச்சல் தரை சுருங்கிவிடும் என்பது நம் பட்டிக்காரர் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே புல்லையும் சோளத்தையும் வெட்டி, காற்றுப் புகாமல் அமுக்கிச் சைலேஜ், அதாவது புளிக்க வைத்த தீனி, போட்டு வைக்க வேண்டும், எந்த மாட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். உங்கள் மகள் படிக்கப்போவது இதைத்தான்.

அப்புறம் இனப்பெருக்கம். எருமை சுமார் 21 நாளுக்கு ஒரு தடவை வேட்கைக்கு வரும், ஆனால் பசுவைப் போல அதை வெளியில் காட்டாது, கவனிக்காமல் விட்டால் சினைப்படுத்த இன்னும் 3 கிழமை காத்திருக்க வேண்டும், அவ்வளவு நாளும் தீனி போடுவது வீண். பால் பதனிடலும் உண்டு: எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதம் அளவில் இருக்கும், பசும்பாலில் 4 வீதம் வந்தாலே பெரிது. உங்கள் சட்டித் தயிர் கட்டியாக உறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலை? தீவன ஆலை, குஞ்சு பொரிப்பகம், பால் குளிரூட்டும் நிலையம், உணவுத் தர ஆய்வுகூடம், தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணைகள், வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு, மேற்கொண்டு படித்தால் ஆராய்ச்சி, விரிவுரை. அரச நியமனம் வரும் என்று வீட்டில் காத்திருக்க மட்டும் விடாதீர்கள். படிக்கிற காலத்திலேயே விடுமுறைக்கு ஒரு பண்ணையிலோ ஆலையிலோ போய் நிற்கட்டும், நேர்முகத்தில் கையழுக்குப் பட்ட பிள்ளைக்கும் படாத பிள்ளைக்கும் வித்தியாசம் சட்டென்று தெரிந்துவிடும். பட்டியில் வளர்ந்தவள் அங்கேயே ஒரு படி முன்னால்தான் நிற்பாள்.

கேள்வி: எனக்கும் இந்தப் பாடம் விருப்பம், ஆனால் ஆங்கிலம் பயம். கம்பஸ் கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா?
– மாணவன், மூதூர்

பதில்: தம்பி, பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். முதல் வருடம் கஷ்டம், பிறகு சொற்கள் பழகிவிடும். இப்போதே உயிரியல், இரசாயனவியல் சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகுங்கள். கம்பஸ் கிடைக்காவிட்டால் குண்டசாலையில் கால்நடை வளர்ப்புப் பாடசாலை இருக்கிறது, அங்கே டிப்ளோமா படிக்கலாம். வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், பார்த்துக்கொண்டிருங்கள்.