கட்டிலில் கிடந்தவர்

வணக்கம் சார்,

'இன்செப்ஷன்' படத்தை மறுபடி பார்த்தேன். சாகக் கிடக்கும் தொழிலதிபராக வருபவர் சில நிமிடங்கள்தான் வருகிறார். ஆனால் அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை. தேடிப் பார்த்ததில் பெயர் பீட் போசல்த்வெய்ட் என்று தெரிந்தது. இவ்வளவு திறமை இருந்தும் துண்டு வேடங்களிலேயே முடிந்துபோனாரே என்று வருத்தமாக இருக்கிறது.

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மூச்சுத் திணறலுக்கு நடுவே 'ஏமாற்றம்' என்கிறார். தன்னால் அப்பாவைப் போல ஆக முடியவில்லை, அதைத்தான் சொல்கிறார் என்று மகன் நினைக்கிறான். இல்லை, நீ என்னைப் போல ஆக முயன்றாயே, அதுதான் என்கிறார் கிழவர். மகன் அதை நம்பவில்லையென்றால், அவன் கனவுக்குள் புகுந்து ஒரு எண்ணத்தை விதைக்கப் படத்தில் போட்ட திட்டம் மொத்தமும் பாழ். இதைத் துண்டு வேடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போசல்த்வெய்ட் இங்கிலாந்தின் வாரிங்டன்காரர், 1946இல் பிறந்தவர். கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை பார்த்துவிட்டுத்தான் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளிக்குப் போனார். 70களில் லிவர்பூல் எவ்ரிமேன் நாடக அரங்கு. நடிகர்கள் ஜூலி வால்டர்ஸ், ஜொனாதன் பிரைஸ், பில் நை எல்லோரும் அந்த மேடையில் வளர்ந்தவர்கள்தான். அப்புறம் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி. சினிமா அவரைச் சரியாகக் கண்டுகொண்டபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' (1993) பார்த்திருக்கிறீர்களா? செய்யாத குற்றத்துக்காகச் சிறைக்குப் போன ஜுசெப்பி கான்லனாக வருகிறார். மகனாக டேனியல் டே-லூயிஸ். மகன் கத்துகிறான், உடைகிறான். நோயாளித் தகப்பன் குரலை உயர்த்தாமல் பக்கத்தில் இருக்கிறார். டே-லூயிஸின் கோபம் நமக்கு உறைப்பதே அது போய் மோதுகிற இந்த முகத்தால்தான். அதற்காகப் போசல்த்வெய்ட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. எதிரே நிற்பவர் சொல்வதை அவரளவுக்குக் கூர்ந்து கேட்கிற நடிகர்கள் எனக்குத் தெரிந்து மிகச் சிலர்.

பெரிய வேடமே வரவில்லை என்றும் இல்லை. 2008இல், 62 வயதில், அதே எவ்ரிமேனுக்குத் திரும்பிப் போய் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் லியர் அரசனாக நடித்தார். 'இன்செப்ஷன்' வெளிவந்து ஆறு மாதம் ஆகும் முன்பே, 2011 ஜனவரி 2 அன்று, புற்றுநோயில் போய்விட்டார்.

அடுத்து 'பிராஸ்ட் ஆஃப்' (1996) பாருங்கள். மூடப்போகும் நிலக்கரிச் சுரங்கத்தின் இசைக்குழுவை நடத்துபவராக வருகிறார். அதிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடக்கிறார். வெளியே இருட்டில், தலைக்கவச விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு, அவருடைய ஆட்கள் அவருக்காக வாசிக்கிறார்கள்.

அன்புடன்.