பெனி மெக்கார்த்தியை ஏன் காட்ட வேண்டும்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெனி மெக்கார்த்திதான் நம் தென்னாப்பிரிக்கக் கால்பந்தின் மிகச் சிறந்த ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரர், என்று எழுதியிருந்தீர்கள். தேசிய அணி கூப்பிட்டபோதெல்லாம் வந்தவர் இல்லை அவர். 2010இல் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தபோது இறுதி அணியில் இடம்கூடக் கிடைக்கவில்லை. உடம்பைப் பேணவில்லை என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பந்தே கதி என்று கிடக்கும் என் பேரனுக்கு இவரையா காட்டுவது?

ஆர்., சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள ஆர்.,

2010 பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு. மெக்சிகோவுடன் நாம் ஆடிய முதல் ஆட்டத்தில் அவர் இல்லாதது உறுத்தத்தான் செய்தது. உடம்பைக் காப்பது ஆட்டக்காரனின் கடமை, அதில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் தேசிய அணிக்கு வரவில்லை என்ற குறையைச் சொல்லும்போது கொஞ்சம் பின்னே போய்ப் பார்க்க வேண்டும். நிறவெறியைக் கைவிடாத நம் நாட்டை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 1961இல் இடைநீக்கம் செய்தது, 1976இல் வெளியேற்றியே விட்டது. திரும்பச் சேர்த்துக்கொண்டது 1992இல்தான். அதுவரை டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கோல் போட்ட நம் பையன்களுக்கு, போய் ஆட ஒரு தேசிய அணியே இல்லை. உங்கள் வயதுக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1992இல் பெனிக்கு 14 வயது. அவர் வளர்ந்த கேப் டவுன் ஹானோவர் பார்க்கும், சாட்ஸ்வொர்த்தைப் போலவே, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் வீடிழந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். அங்கிருந்து வந்தவர் 1998இல், 20 வயதில், ஆப்பிரிக்கக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே 4 கோல் போட்டார். அதே ஆண்டு டென்மார்க்குக்கு எதிராக அவர் அடித்ததுதான் உலகக் கோப்பையில் நம் முதல் கோல். நம் தேசிய அணியான பஃபானா பஃபானாவுக்காக மொத்தம் 31 கோல். இதுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. வராமலே இருந்தவரின் கணக்கா இது?

அப்புறம் அவர் ஆடிய போர்ச்சுகல் கிளப், போர்ட்டோ. 2004 பிப்ரவரியில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில், மான்செஸ்டர் யுனைடெட் அங்கே வந்து 2-1 என்று தோற்றது. இரண்டு கோலும் பெனி போட்டவை. இரண்டாவது கோலை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. இடப்பக்கத்திலிருந்து வந்த பந்தை, காவலர்களுக்கு மேலே எழும்பித் தலையால் முட்டினார். அது வளைந்து போய் கோல்கீப்பரைத் தாண்டி விழுந்தது. மறு ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஃப்ரீ கிக் அடித்தவரும் இவர்தான். கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தை போர்ட்டோவின் கோஸ்டின்யா உள்ளே தள்ள, யுனைடெட் வெளியேறியது. அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பையே போர்ட்டோவுக்கு வந்தது. பிறகு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் கிளப்பில் 2006-07 பருவத்தில் லீக்கில் 18 கோல். அவரைவிட அதிகம் போட்டவர் ட்ரோக்பா ஒருவர்தான், 20.

பேரனுக்கு அந்த போர்ட்டோ ஆட்டத்தை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள், கோல்களை மட்டும் வெட்டி ஒட்டியதை அல்ல. பந்து வேறு யாரிடமோ இருக்கும்போது பெனி எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். உடம்பைப் பேணுவது பற்றியும் சொல்லுங்கள், அதுவும் அவனுக்குத் தெரிய வேண்டியதுதான்.