சகாதேவனைத் தெரியுமா?

கேள்வி: தீபாவளிக்கு ‘அமரன்’ பார்த்ததிலிருந்து என் மகன் வீட்டுக்குள் சல்யூட் அடித்துக்கொண்டே திரிகிறான். காஷ்மீரில் இந்திய ராணுவம் தீவிரவாதிகளைச் சுட்டால் மலேசியப் பிள்ளை ஏன் கைதட்ட வேண்டும்? இது எந்த ஊர் நாட்டுப்பற்று?
- ஒரு தந்தை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பையனைத் திட்டாதீர்கள். ‘அமரன்’ படம் யாருடைய கதையோ, அந்த இந்திய ராணுவ அதிகாரி மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் நிஜமாகவே உயிரை விட்டார். அசோகச் சக்கர விருது அவர் இறந்த பிறகுதான் வந்தது. நானும் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தேன். முன் வரிசையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பாப்கார்ன் டப்பாவை மடியில் அப்படியே வைத்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் இருந்த அம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வீடு திரும்பாத ஒரு அப்பாவை நினைத்து ஒரு பிள்ளை அழுதால் அதில் என்ன குற்றம் கண்டீர்கள்?

எனக்கு மனத்தாங்கல் வேறு இடத்தில். சகாதேவன் யார் என்று உங்கள் மகனைக் கேளுங்கள். சரி, முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

2000 ஜூலை 2. அல்-மௌனா என்ற மலேசியத் தீவிரவாதக் கும்பல் ராணுவ உடுப்பில், பச்சை வண்ணம் அடித்த பஜேரோக்களில் வந்தது. திடீர் சோதனை என்று சொல்லி, கிரிக் பக்கம் இரண்டு ராணுவ முகாம்களுக்குள் நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனது. பேராக்கில், சௌக் ஊரை ஒட்டிய புக்கிட் ஜெனாலிக் காட்டில் பதுங்கியது. அங்கே நான்கு பேர் பிணையாகச் சிக்கினார்கள்: போலீஸ் சிறப்புப் பிரிவைச் சேர்ந்த சகாதேவன், அதே பிரிவின் சார்ஜெண்ட் முகமது ஷா, சரவாக்கிலிருந்து வந்த ராணுவ வீரர் மேத்யூ மேடான், டுரியான் பொறுக்கப் போன கிராமத்துக்காரர் ஒருவர். சகாதேவனையும் மேத்யூவையும் கொன்றுவிட்டார்கள். மற்ற இருவர் உயிரோடு திரும்பினார்கள். ஜூலை 6-ஆம் தேதி முற்றுகை முடிந்தது. கும்பலின் தலைவன் அமீன் 2006-இல் தூக்கிலிடப்பட்டான்.

நம்மவர் ஒருவர் இந்த நாட்டுக்காக, இந்த மண்ணில், தீவிரவாதி கையில் செத்திருக்கிறார். அவர் பெயரை நம் வீடுகளில் யார் சொல்லித் தருகிறார்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் அதிரடிப் படங்களில் தீவிரவாதி என்றாலே ஒரே தாடி, ஒரே தொப்பி. புக்கிட் ஜெனாலிக்கில் பிணை பிடித்தவர்கள் முஸ்லிம்கள். பிணையாகிப் பிழைத்த முகமது ஷா முஸ்லிம். மீட்க வந்த படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஜைனியும் முஸ்லிம். பள்ளிக்கூடத்தில் உங்கள் மகன் பக்கத்தில் உட்காரும் மலாய்ப் பையனை நினைத்தாவது இதை அவனிடம் சொல்லுங்கள். சினிமா சொல்லாது.

இங்கே எடுக்க ஆள் இல்லையா என்ன? 2015-இல் வந்த ‘ஜகாட்’ நம் ஊர்த் தமிழ்ப் படம்தான். மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. சகாதேவன் கதையை எடுக்க நம் பிள்ளைகளுக்குத் திறமை உண்டு. பணம் போட நம் முதலாளிகள்தான் முன்வர வேண்டும்.

அடுத்த முறை பினாங்குக்குக் காரில் போகும்போது கோலகங்சாரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்குங்கள். லெங்கோங் போகும் சாலையில் சௌக் வரும். வண்டியை ஓரமாக நிறுத்தி, மகனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அங்கேயும் அவன் ஒரு சல்யூட் அடிக்கட்டும்.