பேரு மட்டும் தானே மேடம், இதுக்கு ஏன் இவ்ளோ சண்டை?

வணக்கம் மேடம்,

எனக்கு பொண்ணு பொறந்து இன்னிக்கோட 41 நாள். சந்தோஷமா இருக்க வேண்டிய நேரம், ஆனா வீட்ல தினமும் சண்டை, அதுவும் எதுக்குன்னு பாத்தா பேருக்கு. பாப்பாவுக்கு மாறன்னு வைக்கணும்னு நான் சொல்றேன். மாறா, மாறினி அந்த மாதிரி எல்லாம் இல்ல, மாறனே தான். இதுக்கு என்னமோ புள்ளைய எங்கயோ தொலைச்சுட்டு வந்த மாதிரி எல்லாரும் என்னைப் பாக்கறாங்க.

முதல்ல அத்தை. "பொம்பளப் புள்ளைக்கு ஆம்பள பேரா, நாளைக்கு ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மத்த புள்ளைங்க சிரிச்சா அது என்னடி பண்ணும்"னு கேட்டாங்க. ஒரு தடவ கேட்டா பரவால்ல, பாப்பாவப் பாக்க வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையே சொல்லி, அப்புறம் வந்தவங்களும் எனக்கு அட்வைஸ் பண்ணிட்டுப் போறாங்க. பால் குடுத்துட்டு இருக்கும்போது கூட விடல. சிசேரியன் ஆன உடம்பு, ராத்திரி ரெண்டு மணி நேரம் சேந்தாப்ல தூங்க முடியல, இதுல இது வேற. அவர்கிட்ட சொன்னா "அம்மா கேட்டதுல என்ன தப்பு"ங்கறார். அவர் பங்குக்கு ஒரு பேப்பர்ல மூணு பேரு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தார், மூணும் ஸ்ரீன்னு முடியுது, நெட்ல மாடர்ன் பேபி நேம்னு தேடினா முதல் பக்கத்துல வருமே அந்த பேருங்க. நான் எடுத்துட்டேன். அதுக்கு "நீ தான் முடிவு பண்ணிட்டியே, அப்புறம் என்னை எதுக்கு கேக்கற"ன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டார். முடிவு பண்ணா என்ன மேடம்? பத்து மாசம் சுமந்தது நானா அவரா?

வெளிநாட்ல எல்லாம் சர்நேமையே பொண்ணுங்களுக்கு பேரா வைக்கிறாங்க, டெய்லர், மேடிசன், ஹார்ப்பர்னு. யாரும் சிரிக்கல. எனக்கு பொண்ணுங்க பேருன்னாலே ஒரு மாதிரி, ரொம்ப இனிப்பா, வளைஞ்சு குடுக்கற மாதிரி இருக்கு. மாறன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க, நிமிந்து நிக்கும். நாளைக்கு வேலைக்கு ரெஸ்யூமே அனுப்பினா பேரைப் பாத்ததும் ஒரு மதிப்பு வரும்ல? என் பேரையே எடுத்துக்கோங்க, க்ளாஸ்ல நாலு பேருக்கு அதே பேரு, இனிஷியல் வச்சு தான் கூப்பிடுவாங்க. என் பொண்ணுக்கு அது வேண்டாம்னு நினைக்கறது தப்பா? அதுவும் இது நான் எங்கயோ திடீர்னு புடிச்ச பேரு கூட இல்ல, நான் அம்மா வயித்துல இருக்கும்போதே அப்பா எனக்குன்னு யோசிச்சு வச்சிருந்தது தான், அப்புறம் நான் பொறந்ததும் அது யூஸ் ஆகல, ஆஸ்பத்திரில நர்ஸ் சொன்ன பேரை எழுதிட்டாங்கன்னு அம்மா சொல்வாங்க, பாப்பா போட்டோவோட இந்த பேரையும் அப்பாவுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் வந்துச்சு, அவர் எப்பவும் அப்படித்தான், அதிகம் பேச மாட்டார், அதை விடுங்க, என் நாத்தனார் என்ன கேட்டாங்க தெரியுமா? "ஏன் அண்ணி, பையன் வேணும்னு ஆசையா இருந்தீங்களோ"ன்னு சிரிச்சுக்கிட்டே. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. சத்தியமா சொல்றேன், எனக்கு பொண்ணு தான் வேணும்னு இருந்துச்சு.

திரும்பத் திரும்ப இதையே சொல்றேன்னு நினைக்காதீங்க, ஆனா அத்தை இன்னிக்கு காலைல கூட வேணும்னே என் காதுல விழற மாதிரி பாப்பாவ "ஸ்ரீக்குட்டி"ன்னு கூப்பிட்டாங்க. அவர் சிரிக்கிறார். என் பொண்ணுக்கு ஒரு பேரு வைக்க எனக்கு உரிமை இல்லையா? இவங்களுக்கு எப்படி புரிய வைக்கறது?

- பெயர் வெளியிட வேண்டாம்

*

அன்புள்ள தோழிக்கு,

முதல்ல நீங்களும் பாப்பாவும் நல்லா இருக்கணும். ஆபரேஷன் பண்ண உடம்பு, தூக்கம் கிடையாது, வீடு முழுக்க ஆளுங்க. இந்த நேரத்துல யார் என்ன சொன்னாலும் சுருக்குன்னு தான் இருக்கும். நான் எழுதப்போறதுல சிலதும் அப்படி இருக்கலாம், அப்ப மூடி வச்சுட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து படிங்க.

பொண்ணுக்கு மாறன்னு வைக்கலாமான்னா, தாராளமா வைக்கலாம். பாண்டிய ராஜாக்களோட பேரு, அழகான பேரு. தமிழ் ஒண்ணும் இதுக்கு குறுக்க நிக்காது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதின சேனாவரையர் ஒரு விஷயம் சொல்றார்: வெளிய ஓடி விளையாடற வயசுல இருக்கற பொண்ண மாறோக்கம்ங்கற பகுதில "பெண்மகன்"னு சொல்வாங்களாம். பேருல மகன், ஆனா "பெண்மகன் வந்தாள்"னு தான் வரும், வந்தான்னு வராது. ஆக பேரு ஒரு பக்கம் இருக்கட்டும், ஆளு ஒரு பக்கம் இருக்கட்டும்னு விடறதுக்கு நம்ம இலக்கணத்துக்கே மனசு இருந்திருக்கு. அந்த சண்டைல நான் உங்க பக்கம் தான்.

ஆனா நீங்க எழுதினதுல எனக்கு முள்ளா குத்துன இடம் அது இல்ல. அத்தைக்கு ஒரு பெரிய பத்தி, அவருக்கு பாதி பத்தி, நாத்தனாருக்கு ஒரு கேள்வியும் ஒரு சத்தியமும். அப்பாவுக்கு? ஒரு நீள வாக்கியத்தோட நடுவுல கொஞ்ச இடம், அதுவும் "அதை விடுங்க"ன்னு முடிச்சுட்டீங்க. என்னால விட முடியல.

"அப்பா எனக்குன்னு யோசிச்சு வச்சிருந்த பேரு"ன்னு எழுதியிருக்கீங்க. மன்னிச்சுக்கோங்க, அது உங்களுக்குன்னு வச்ச பேரு இல்ல. வரப்போறான்னு அவர் நினைச்ச ஒரு பையனுக்கு வச்ச பேரு. நீங்க வந்தீங்க, அவர் அந்த பேரை மடிச்சு உள்ள வச்சுட்டார், கைல வேற பேரு இல்லாம நர்ஸ் வாயில வந்தத எழுதிட்டாங்க. அந்தப் பையன் பொறக்கவே இல்ல, ஆனா இத்தனை வருஷமா உங்க வீட்ல உங்க கூடவே வளந்திருக்கான், நீங்க மார்க் வாங்கினப்ப, வேலைக்குப் போனப்ப, ஏன் இப்ப குழந்தை பெத்தப்ப கூட பக்கத்துல வந்து நிக்கிறான். நாத்தனார் "பையன் வேணும்னு ஆசையா"ன்னு கேட்டப்ப உங்களுக்கு ஏன் அப்படி பத்திக்கிட்டு வந்துச்சு? நீங்க ஆசைப்படலங்கறத நான் முழுசா நம்பறேன். ஆசைப்பட்டது வேற ஒருத்தர். அந்தக் கேள்விய 41 நாளா இல்ல, பொறந்ததுல இருந்து நீங்க சுமந்துட்டு இருக்கீங்க, அவங்க தெரியாம அது மேல கைய வச்சுட்டாங்க.

இது உங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. ஷெர்லிங்கற பேரை இன்னிக்கு யாராவது சொன்னா நம்ம மனசுல ஒரு பொண்ணு தான் வரும். ஒரு காலத்துல அது சர்நேம், ஆம்பளைங்க பேராவும் இருந்துச்சு. 1849ல சார்லட் பிரான்டி எழுதின நாவல்ல கதாநாயகிக்கு அந்த பேரு ஏன் வந்துச்சு தெரியுமா? அப்பா அம்மா பையன் வேணும்னு எட்டு வருஷம் காத்திருந்தாங்க, பொறந்தது பொண்ணு, சரின்னு பையனுக்கு வைக்கிறதா இருந்த குடும்பப் பேரையே இதுக்கு வச்சுட்டாங்க. அப்புறம் ஊர்ல பொண்ணுங்களுக்கு வைக்க ஆரம்பிச்சு, 1930கள்ல ஷெர்லி டெம்பிள்னு ஒரு குழந்தை நட்சத்திரம் வந்ததும் அது முழுசா பொண்ணுங்க பேராவே ஆயிடுச்சு. ஆஷ்லி, பெவர்லி எல்லாமும் ஒரு காலத்துல ஆம்பளைங்க பேரு தான். ஒரு பேரு பொண்ணுங்க பக்கம் வந்துடுச்சுன்னா பையனைப் பெத்தவங்க அதை வைக்க யோசிக்கிறாங்க. நீங்க சொல்ற அந்த "நிமிந்து நிக்கிறது" பேருல இருந்தா, பொண்ணுங்க வச்சதும் அது எங்க போச்சு?

நம்ம வீட்டையே பாருங்களேன். பொண்ண "வாடா கண்ணா", "என் சிங்கம்டா நீ"ன்னு கொஞ்சறோம், அவளுக்கும் பெருமையா இருக்கும். பையன "வாடி"ன்னு கொஞ்சினா? அடிக்க வந்துடுவான், அவனுக்கு முன்னாடி அவங்கப்பா வருவார். பாதை ஒரு பக்கம் தான் திறந்திருக்கு. பொண்ணு மேல ஏறி வரலாம், பையன் கீழ இறங்கக் கூடாது. "பொண்ணுங்க பேருன்னா வளைஞ்சு குடுக்கற மாதிரி"ன்னு நீங்க எழுதினதும் அந்தக் கணக்குல தான் சேரும், அதை எழுதினது ஒரு பொண்ணு, அதுவும் இப்ப தான் ஒரு பொண்ணப் பெத்தவ. எனக்கு அது கஷ்டமா இருந்துச்சு, மறைக்க விரும்பல.

அப்புறம் உங்க வீட்டுக்காரர். அவர் சொன்னது சரிங்க. நீங்க அவர்கிட்ட கேக்கல, அறிவிச்சீங்க. அவர் மூணு பேரு யோசிச்சு, எழுதி, தினமும் கண்ணுல படற இடத்துல ஒட்டியிருக்கார். ஸ்ரீன்னு முடிஞ்சா என்ன, ஒரு அப்பா பொறந்த பொண்ணுக்குன்னு யோசிச்ச பேரு அது. பையனுக்கு வச்சிருந்தத தள்ளி விடல. உங்களுக்கு கிடைக்காதது உங்க பொண்ணுக்கு கிடைச்சிருக்கு, நீங்க அதை ஃப்ரிட்ஜ்ல இருந்து கழட்டிட்டீங்க. பத்து மாசம் சுமந்தது நீங்க தான், அதுல பேச்சே இல்ல, ஆனா அத வச்சு அவர் வாய அடைக்க ஆரம்பிச்சா பேரோட நிக்காது, தடுப்பூசி, ஸ்கூல்னு எல்லாத்துக்கும் அது தான் பதிலா வரும், கொஞ்ச நாள்ல அவர் கேக்கறதையே நிறுத்திடுவார்.

அத்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறது தப்பு தான், பால் குடுக்கும்போது பேசறது அதவிடத் தப்பு, அதை உங்க வீட்டுக்காரர் தான் அவங்க அம்மாகிட்ட சொல்லணும், நீங்க இல்ல. ஆனா "மத்த புள்ளைங்க சிரிச்சா அது என்னடி பண்ணும்"னு அவங்க கேட்டத ஒரு தடவயாவது எதிர்ப்பா நினைக்காம கேள்வியா எடுத்துக்கிட்டீங்களா? நீங்க எழுதின அத்தனை பேச்சுலயும் பாப்பா பெரிசாகி அந்த பேரோட நிக்கிறத கண்ணால பாத்து கவலைப்பட்டது அவங்க ஒருத்தங்க தான். நீங்க ரெஸ்யூமேய நினைச்சீங்க. அவங்க அட்டெண்டன்ஸ நினைச்சாங்க. ரெஸ்யூமேவுக்கு முன்னாடி அது தானே வரும்.

இன்னொன்னு. நீங்க ரெஸ்யூமேவ நினைச்சுக்கிட்டே அந்த பேரை முதல்ல அனுப்பினது யாருக்கு? அப்பாவுக்கு. ஒரு கட்டைவிரல் வந்துச்சு. நீங்க எதிர்பாத்தது வேற. உடனே போன் வரும், அவர் குரல் கொஞ்சம் உடையும், "அந்த பேராம்மா"ன்னு ஒரு வார்த்தை கேப்பார்னு நினைச்சிருப்பீங்க. வரல. அந்த ஏமாத்தத்த அவர்கிட்ட காட்ட முடியாம, கைக்கு எட்டற தூரத்துல இருக்கற அத்தை மேலயும் வீட்டுக்காரர் மேலயும் காட்டிட்டு இருக்கீங்களோன்னு எனக்கு தோணுது. அப்பா மேல நான் குத்தம் சொல்லல. அவர் அந்த பேரையே மறந்திருக்கலாம். இல்ல, ஞாபகம் வந்து வெக்கமா போய், என்ன சொல்றதுன்னு தெரியாம அந்த விரல அழுத்தியிருக்கலாம். எதுவா இருந்தாலும், "அப்பா, நான் பொறந்தப்ப நீங்க சந்தோஷப்பட்டீங்களா"ங்கற கேள்விய 41 நாள் குழந்தைகிட்ட குடுத்து விடறது நியாயம் இல்லங்க. அவளை ஒவ்வொரு தடவ கூப்பிடும்போதும் அது நீங்க அவரைக் கேக்கற கேள்வியாவே இருக்கும். அவளுக்கு அதுல பதில் சொல்ல ஒண்ணும் இல்ல.

உங்க கடிதம் முழுக்க பேரைப் பத்தி தான், ஆனா உங்க பேரு அதுல ஒரு இடத்துலயும் இல்ல. வெளியிட வேண்டாம்னா வெளியிட மாட்டோம், எனக்காகக் கூட எழுதல. "நாலு பேருக்கு அதே பேரு"ன்னு மட்டும் தெரியும்.

அதனால நான் சொல்றது இது தான். பேரு பதிய இன்னும் அவசரம் இல்லன்னா கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க. ஸ்ரீக்குட்டின்னே அத்தை கூப்பிட்டுட்டுப் போகட்டும், அவ என்ன புரிஞ்சுக்கவா போறா. பாப்பா தூங்கற நேரமா பாத்து அப்பாவுக்கு போன் பண்ணுங்க. வாட்ஸப் வேண்டாம், போன். மாறன் பத்தி பேசவே வேண்டாம். "எனக்கு ஏம்ப்பா இந்த பேரு வச்சீங்க, அன்னிக்கு என்ன நடந்துச்சு"ன்னு உங்க பேரைப் பத்தி மட்டும் கேளுங்க. அவர் "நர்ஸ் கேட்டாங்க, எழுதிட்டோம்"னு ரெண்டு வார்த்தையில முடிச்சாலும் முடிப்பார், அதுக்கும் தயாரா இருங்க, அழுகை வந்தா அழுங்க. அதுக்கு அப்புறமும் மாறன்கிற பேரு உங்களுக்கு அவ்ளோ பிடிச்சிருந்தா, வீட்டுக்காரர்கிட்ட இந்தக் கதைய முதல்ல இருந்து சொல்லுங்க, எனக்கு எழுதினத அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களான்னே எனக்கு சந்தேகம் தான். அவரும் சரின்னா வைங்க, யார் சிரிச்சாலும் சிரிக்கட்டும்.

அந்த மூணு பேரு எழுதின பேப்பர் குப்பைக்கு போயிருக்காதுன்னு நம்பறேன். தேடி எடுத்து அது இருந்த இடத்துலயே ஒட்டிடுங்க.