ஈறுக்குள் முளைத்த வேண்டாத பல்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மேல் முன்பல்லுக்குப் பின்னால், அண்ணத்துப் பக்க ஈறில் மிளகு அளவுக்குக் கெட்டியாக ஒன்று ஆறு மாதமாக இருக்கிறது. வலி இல்லை. பெரம்பூரில் நாங்கள் பார்க்கும் பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பில் ஒன்றும் தெரியவில்லை, ஈறில் மட்டும்தான் இருக்கிறது. ஓடன்டோமாவாக இருக்கலாம், எடுத்து பயாப்சிக்கு அனுப்பிவிடலாம்" என்றார். ட்யூமர் வகை என்று அவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மாமியாரோ, "பல்லுதான் முளைக்குது, விடு" என்கிறார். முழுப் பரீட்சை முடிய இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா?

பதில்: முதலில் உங்கள் தூக்கத்துக்கு வழி பார்ப்போம். ஓடன்டோமா புற்றுநோய் அல்ல. பாடப்புத்தகத்தில் ட்யூமர் வரிசையில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்களே தவிர, உண்மையில் அது பல் உருவாகும் வேலையில் நேர்ந்த ஒரு பிசகு. ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடும். வேறு உறுப்புக்குப் பரவாது. உங்கள் மாமியார் சொன்னதிலும் பாதி சரிதான். அது ஓடன்டோமாவாக இருந்தால், அங்கே முளைப்பது பல்தான். ஆனால் யாருக்கும் வேண்டாத பல்.

அது ஏன் ஈறில் வருகிறது? குழந்தை வயிற்றில் இருக்கும்போது, ஏறக்குறைய ஆறாவது வாரத்தில், வாயின் உள்தோலிலிருந்து ஒரு பட்டை உள்ளே இறங்கும். அதிலிருந்துதான் பல் மொட்டுகள் பிரியும். மொட்டுகள் எலும்புக்குள் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பட்டை சிதைந்துவிடும். ஆனால் சில துணுக்குகள் ஈறிலேயே தங்கிப்போகும். நம் எல்லோர் ஈறிலும் இவை இருக்கின்றன, பெரும்பாலும் சும்மாவே கிடக்கும். எப்போதாவது ஒன்று, வரப்பில் சிந்திய நெல் மாதிரி, வயலுக்கு வெளியே முளைத்துவிடும். எனாமல் (பல்லின் வெளிப்பூச்சு), டென்டின் (அதற்கு உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதி) எல்லாம் அதில் உண்டு, ஒழுங்குதான் இல்லை.

ஓடன்டோமா அப்படி ஒன்றும் அபூர்வமானது இல்லை. பல் சார்ந்த கட்டிகளில் அடிக்கடி பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் அது தாடை எலும்புக்குள் இருக்கும். 2019இல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 7 வயதுச் சிறுவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 குட்டிப் பற்களை எடுத்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அதுவும் எலும்புக்குள் இருந்த ஓடன்டோமாதான். உங்கள் மகனுக்கு இருப்பதாகச் சந்தேகிப்பது போல எலும்பைத் தொடாமல் ஈறின் சதையில் மட்டும் வருவதுதான் அபூர்வம். வாழ்நாள் முழுக்க வாய்க்குள் பார்க்கிற டாக்டர்கள் பலர் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் உங்கள் டாக்டர் "இருக்கலாம்" என்று நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நான் நம்புவேன். குழந்தைகள் ஈறில் இப்படி உருண்டையாக வருவதற்கு ஒரு டஜன் காரணம் உண்டு. நார்க்கட்டி, சதைக்குள்ளேயே எலும்புத் துகள் படியும் கட்டி, பல் வெளிவருவதற்கு முன் நீர் கோத்த பை, சும்மா ஒரு கூடுதல் பல். பார்வைக்கும் விரலுக்கும் இவற்றில் பலவும் ஒன்று போலத்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் பெயர் வைக்க முடியாது. பயாப்சி என்றாலே கேன்சர் சோதனை என்று நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. இங்கே அது வெறும் பெயர் சூட்டல்.

சரி, இரண்டு மாதம் பொறுக்கலாமா? ஆறு மாதமாக அளவு மாறவில்லை என்றால் தாராளமாகப் பொறுக்கலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. இன்றைக்கே போனில் ஒரு படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே மாதிரி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் அது மளமளவென்று பெரிதானாலோ, ரத்தம் கசிந்தாலோ, மேலே புண்ணாகி ஆறாமல் இருந்தாலோ, பக்கத்துப் பல் ஆடினாலோ பரீட்சையைப் பார்க்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள். கிராம்பு எண்ணெய் தடவுவதும் ஊசியால் கீறிப் பார்ப்பதும் கூடாது. கிராம்பு எண்ணெயில் ஈறு வெந்துபோகும், அப்புறம் எங்களுக்கே குழப்பம்.

பெரிய ஸ்கேன் வேண்டுமா என்று யாராவது கேட்டால், எலும்புக்குள் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் மட்டும் எடுங்கள். கோணம் மாற்றி இரண்டு சின்ன எக்ஸ்ரே எடுத்தாலே பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள்: இரண்டு பக்கமும் ஜோடிப் பற்கள் முளைத்துவிட்டனவா? ஒரு பக்கம் நிலைப்பல் வந்து ஆறு மாதம் ஆகியும் மறுபக்கம் வரவில்லை என்றால் உள்ளே ஏதோ வழியை மறிக்கலாம். எலும்புக்குள் இருக்கும் ஓடன்டோமா அடிக்கடி செய்கிற வேலை அது.

எடுப்பது சின்ன வேலைதான். மரத்துப்போக ஊசி, சுற்றியுள்ள கொஞ்சம் ஈறோடு வெட்டி எடுப்பது, தேவைப்பட்டால் ஓரிரு தையல். அண்ணத்துப் பக்க ஊசிதான் கொஞ்சம் சுள்ளென்று இருக்கும், "எறும்பு கடிக்கிற மாதிரி" என்று பொய் சொல்லிக் கூட்டிவராதீர்கள். ஓடன்டோமாவாக இருந்தால் கத்தி படும்போது மணலில் உரசுகிற மாதிரி நறநறவென்று கேட்கும். உள்ளே பச்சரிசி நொய் போல வெளுப்பாகச் சிறு மணிகள் இருக்கும். அன்றைக்குப் பையன் துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது, உறைந்த ரத்தம் கழன்றுவிடும். பஞ்சை அரை மணி நேரம் கடித்திருக்கட்டும். ஆறிய இட்லி, தயிர்சாதம் போதும், ஒரு வாரத்துக்கு முறுக்கு வேண்டாம். முழுதாக எடுத்துவிட்டால் மறுபடி வருவது அரிது.

செலவு கவலை என்றால் சென்னைக் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எடுப்பதும் பரிசோதிப்பதும் ஒரே வளாகத்தில் முடியும்.

ரிப்போர்ட் தாமதமானால் பதற வேண்டாம். கல் மாதிரி இருப்பதை மெல்லிய ஏடாகச் சீவ முடியாது, அமிலத்தில் பல நாள் ஊறவைத்து சுண்ணாம்பைக் கரைத்த பிறகே சீவுவார்கள். முதிர்ந்த எனாமல் அதில் கரைந்தே போய்விடும், கண்ணாடித் தகட்டில் அது இருந்த இடம் மட்டும் வெற்றிடமாகத் தெரியும். இதில் பையனுக்குத்தான் ஏமாற்றம். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரையில் எறிந்த கதையைப் பாட்டி சொல்லியிருப்பார், அவனும் "என் பல்லைக் கொடுங்க" என்று கேட்பான். டிஷ்யூ பேப்பரில் சுற்றி வாங்கி வந்துவிடாதீர்கள், அது ஃபார்மலின் (சதை கெடாமல் காக்கும் திரவம்) பாட்டிலில்தான் போக வேண்டும். பாட்டிலில் போடுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் காட்ட அவனுக்கு அது போதும்.